எண்பத்து நான்காயிரம்

மாத்தளை நகருக்கு வடக்கே, தம்புள்ளைக்குச் செல்லும் பெருவழியின் ஓரத்தில், அலுவிகாரை என்னும் குகைக் கோயில் அமைந்துள்ளது. கி.மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமணி அபயன் ஆட்சியில், அதுவரை வாய்மொழியாகவே வழங்கிய பாளித் திரிபிடகம் இங்கேதான் முதன்முதலாக ஏட்டில் எழுதப்பெற்றது என்பது மரபு.

அத்திரிபிடகத்தின் அளவைப் பௌத்தர் 84,000 அறக்கூறுகள் என்பர். புத்தரிடம் பெற்றவை 82,000. அடியார்களிடம் பெற்றவை 2,000. உயிர்களின் பிறவி வகை எண்பத்து நான்கு நூறாயிரம் என்று சைவ நூல்கள் கூறுவதையும் நேயர்கள் அறிவார்கள். இத்தகைய எண்கள் ‘அளவிறந்தவை’ என்பதற்கு மறுபெயராகவே பெரும்பாலும் கொள்ளப்படுகின்றன. ஆயினும், கணித நோக்கில் 84,000க்குத் திட்டமான ஓர் உள்ளமைப்பு உண்டு.

ஐந்து இரண்டுகள், ஒரு மூன்று, மூன்று ஐந்துகள், ஓர் ஏழு ஆகிய இவற்றை ஒருங்கே பெருக்கினால் 84,000 வரும். வேறெந்த முதன்மை எண்ணும் இதனுள் இல்லை. இவ்வமைப்பைக் கொண்டு வகுத்திகளை எண்ணிவிடலாம். இரண்டை ஆறு வகையிலும், மூன்றை இரண்டு வகையிலும், ஐந்தை நான்கு வகையிலும், ஏழை இரண்டு வகையிலும் சேர்க்கவோ விடவோ இயலும். ஆகவே வகுத்திகள் 96. ஒன்று முதல் எட்டு வரையுள்ள எல்லா எண்களும் இதனை மீதியின்றி வகுக்கும். ஒன்பது வகுக்காது, மூன்று மீதியாகும்.

வகுத்திகளின் தொகையில் இதுவே தலையாயதோ எனின், அன்று. தன்னிற் சிறிய எண்கள் அனைத்தினும் மிகுதியான வகுத்திகளையுடைய எண்களைக் கணிதமேதை இராமானுசன் 1915ஆம் ஆண்டில் ஆராய்ந்து வெளியிட்டார். அவ்வரிசையைச் சார்ந்த 83,160, நம் எண்ணினும் சிறியது. அதன் வகுத்திகளோ 128.

அலுவிகாரையிற் கூடிய பிக்குகள் ஐந்நூற்றுவர் என்பர். 84,000ஐ 500 மீதியின்றி வகுக்கும். தலைக்கு 168 கூறுகள். ஒவ்வொருவரும் தம் பங்கை மட்டுமே மனத்திற் காத்தனர் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். உண்மையில், நூற்பகுதி ஒவ்வொன்றையும் ஒரு குழுவினர் சேர்ந்தே மனனஞ் செய்துவந்தனர். எனினும் இக்கணக்கு ஓர் உண்மையை உணர்த்தும். பஞ்சத்தில் ஒருவர் மாண்டால் எஞ்சுவோர் 499 பேர். அது முதன்மை எண், 84,000ஐ வகுக்காது. ஆளுக்கு 168 கூறுகளை ஒப்புவித்தபின் மீதமாய் நிற்பதும் 168. மாண்டவரோடு மறைந்த பங்கு அதுவே.

போரும் பஞ்சமும் வாட்டிய காலத்தில் முதியோர் அஞ்சியது இத்தகைய இழப்பையே. மொத்தத் தொகை தெரிந்திருந்தால் எத்துணை குறைந்தது என்பதை எண் காட்டும். குறைந்தது எது என்பதை அது ஒருபோதும் காட்டாது. அதனைக் காக்கவே எழுத்தாணியும் ஓலையும் வேண்டப்பட்டன.