தொழில் மனோதத்துவமும் நமது வாலிபர்களும்

(வாலிபர் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் சீமைக்குப் போய்ப் படிக்கும் ஒரு படிப்பைப் பற்றியதாகும். தொழில் மனோதத்துவம் என்றும் நிர்வாக மனோதத்துவம் என்றும் அதற்குப் பெயர் சொல்லுகிறார்கள். அதில் எம்.எஸ்ஸி. பட்டம் வாங்க வேண்டுமென்று நமது வாலிபர்களும் பெண்களும் சிலர் இங்கிலாந்துக்குக் கப்பலேறுகிறார்கள். கப்பல் என்பது பழைய பேச்சு, இப்போது விமானம். பல லட்ச ரூபாய் கடன் வாங்கிப் போகிறவர்களும் உண்டு. போகிறவர்கள் அது இன்னதென்று தெரிந்துகொண்டு போகட்டும் என்பதே நமது எண்ணம். நாம் சர்வகலாசாலைப் படியேறினவரல்ல. புத்தகசாலையிலும் பழைய புத்தகக் கடையிலும் கிடைத்ததைக்கொண்டு படித்தவர்தான். ஆனால் அரிசி வாங்குகிறவன் உழவனாயிருக்க வேண்டிய கட்டாயமில்லை. கல் இருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்தால் போதும்.

இந்தப் படிப்பு கேட்கும் கேள்விகள் இரண்டு. இன்ன வேலைக்கு எந்த மனிதன் பொருத்தம் என்பது ஒன்று; மனிதனுக்குப் பொருந்தும்படி வேலையை எப்படி மாற்றுவது என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு நம் நாட்டில் எத்தனையோ நூறு வருஷங்களாகப் பதில் தயாராக இருந்தது. அப்பன் செய்ததைப் பிள்ளை செய்ய வேண்டும், அவ்வளவுதான். பரீட்சையும் இல்லை, விசாரணையும் இல்லை. பிரசவ அறையிலேயே உத்தியோக உத்தரவு எழுதிக் கொடுத்தாகிவிட்டது! இரண்டாவது கேள்வியையோ நம்மவர்கள் கேட்டதாகவே தெரியவில்லை. தோட்டி வேலை மனிதனுக்குப் பொருந்துகிறதா என்று எந்த சாஸ்திரியாவது யோசித்ததுண்டா?

இங்கிலாந்தில் இது தர்ம சிந்தையால் பிறந்ததென்று எண்ணிவிடாதீர்கள். யுத்தத்தினால் பிறந்தது. 1915-ல் குண்டு மருந்துத் தொழிற்சாலைகளில் ஆண்களும் பெண்களும் வாரத்துக்கு எழுபது மணிக்கு மேலும் உழைத்தார்கள். அவர்களுடைய சுகாதாரத்தை விசாரிக்க சர்க்கார் ஒரு கமிட்டி போட்டது. வேலை நேரத்தைக் குறைத்தால் குண்டு குறையும், குண்டு குறைந்தால் யுத்தம் தோற்கும் என்பது முதலாளிகள் கட்சி. அளந்து பார்த்தபோது, நேரத்தைக் குறைத்த இடங்களில் உற்பத்தி குறையவில்லை. சில இடங்களில் அதிகமாகவே ஆயிற்று. களைத்த கை வேலை செய்வதில்லை, வேலை செய்வதுபோல் அசைந்துகொண்டிருக்கிறது என்பது தெரிந்தது. பிறகு 1921-ல் சார்லஸ் மையர்ஸ் என்பவர் முயற்சியால் லண்டனில் தொழில் மனோதத்துவத்துக்கென்றே ஒரு தேசிய நிலையம் ஏற்பட்டது.

இதுவரை நல்ல கதை. இனி மற்றதையும் கேளுங்கள்.

1917-ல் அமெரிக்கா யுத்தத்தில் இறங்கியபோது பதினேழு லட்சம் சிப்பாய்களுக்குப் புத்திப் பரீட்சை வைத்தார்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு ஒன்று, தெரியாதவர்களுக்கு ஒன்று. அந்நாட்டுக் கடைச் சரக்குகளின் பெயரும் விளையாட்டுகளின் பெயரும் தெரிந்தால்தான் பதில் சொல்லக்கூடிய கேள்விகளும் அதில் இருந்தன. நேற்று வந்திறங்கிய இத்தாலியனுக்கும் போலந்துக்காரனுக்கும் மார்க்கு குறைந்ததில் ஆச்சரியமென்ன? ஆனால் பிரிகாம் என்ற பேராசிரியர் 1923-ல் ஒரு புத்தகம் எழுதி, வட ஐரோப்பிய ஜாதியே புத்தியில் உயர்ந்தது, மற்றவை தாழ்ந்தவை என்று இந்த மார்க்குகளைக் கொண்டு நிலைநாட்டினார். பார்த்தீர்களா தோழர்களே! பூணூல் போடாத மனுதர்மம்! ஆனாலும் ஒரு வித்தியாசத்தைச் சொல்லாமலிருப்பது நியாயமாகாது. 1930-ல் அதே பிரிகாம் தமது முடிவுக்கு ஆதாரமில்லை என்று அச்சிலேயே ஒப்புக்கொண்டார். நமது ஸ்மிருதிக்காரர்களில் அப்படி எழுதிக் கொடுத்தவர் யார்?

பிரிகாம் ஒப்புக்கொண்டதோடு கதை முடியவில்லை. அமெரிக்காவில் வட கரோலினா மாகாணத்தில் டியூக் மின்சாரக் கம்பெனியின் ஒரு நிலையத்தில் கறுப்புத் தொழிலாளர்களுக்குக் கூலிப் பகுதி ஒன்றுதான் இடம். அங்கே உச்சச் சம்பளம் வாங்கினவனுக்கும் மற்றப் பகுதிகளில் கடைசிச் சம்பளக்காரனைவிடக் குறைவு. 1965-ல் நிற வித்தியாசம் பாராட்டக் கூடாதென்று சட்டம் அமுலுக்கு வந்தது. கம்பெனி என்ன செய்தது? நல்ல பகுதியில் புதிதாகச் சேருவதற்குப் பள்ளிக்கூடப் பட்டத்தோடு இரண்டு மனோதத்துவப் பரீட்சைகளிலும் தேறவேண்டுமென்று சட்டம் வந்த தேதியிலேயே விதி போட்டது. பட்டமும் பரீட்சையும் இல்லாமலே பல காலமாய் அந்த வேலைகளில் இருந்த வெள்ளையர்கள் குறைவின்றி வேலை செய்துகொண்டுதான் இருந்தார்கள். 1971-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், வேலைக்குச் சம்பந்தமில்லாத பரீட்சையைக் காட்டி ஒருவனைத் தள்ளக்கூடாது, பரீட்சை அந்த வேலையைத்தான் அளக்கிறதென்று காட்டவேண்டிய பொறுப்பு முதலாளியுடையது என்று தீர்ப்புச் செய்தது. "திறமை, திறமை" என்று நம்மிடம் ஓயாமல் கூச்சல் போடுகிறவர்கள் இந்தத் தீர்ப்பை ஒருதரம் படிக்கலாம்.

இனி ஜாதக சங்கதிக்கு வருவோம். நமது கூட்டங்களில் ஜோசியத்தைப் பற்றிப் பேசினால் சிரிக்கிறீர்கள். சீமைக் கம்பெனிகளில் நடப்பதைக் கேட்டால் எங்கே சிரிப்பீர்களோ தெரியாது. 1948-ல் அமெரிக்காவில் பெர்ட்ராம் ஃபோரர் என்ற ஆசிரியர் தம் மாணவர் 39 பேருக்கு ஒரு குணப் பரீட்சை வைத்தார். ஒரு வாரம் கழித்து, "இதோ உன் குணம்" என்று தனித்தனியே எழுதிக் கொடுத்தார். பொருத்தம் எவ்வளவென்று 5-க்கு மார்க்குப் போடச் சொன்னபோது சராசரி 4.26 வந்தது. பிறகுதான் தெரிந்தது, 39 பேருக்கும் கொடுத்தது ஒரே காகிதம். அதிலிருந்த வாசகங்கள் கடையில் விற்கும் ஜோசியப் புத்தகத்திலிருந்து பொறுக்கியவை! இன்றும் மனிதர்களைப் பதினாறு வகையாகப் பிரிக்கும் மையர்ஸ்-பிரிக்ஸ் என்ற ஒரு குணப் பரீட்சை கம்பெனிகளில் பெருவாரியாக விலை போகிறது. அதை உண்டாக்கிய தாயும் மகளும் மனோதத்துவம் முறையாகப் படித்தவர்களல்ல. அது குற்றமென்று நாம் சொல்லவில்லை, நாமும் அப்படிப்பட்டவரே. சில வாரம் கழித்து மறுபடி எழுதினால் பலருக்கு வகை மாறிவிடுகிறது என்பதுதான் குற்றம். பன்னிரண்டு ராசி பதினாறாயிற்று. தட்சணை மட்டும் டாலரில். பிரான்ஸ் தேசத்தில் கையெழுத்தைப் பார்த்து ஆள் எடுக்கும் வழக்கம் வெகுநாள் இருந்தது. 1998-ல் சிமிட், ஹண்டர் என்ற இருவர் 85 வருஷ ஆராய்ச்சிகளைத் திரட்டிப் பார்த்ததில், கையெழுத்தைக் கொண்டு வேலைத் திறமையை முன்னறிவது ஏறக்குறைய பூஜ்யம் என்று கண்டது. எல்லோருக்கும் ஒரே கேள்விகளை ஒரே முறையில் கேட்டு மார்க்குப் போடும் பேட்டி நல்ல பலன் கொடுத்தது. 2022-ல் சாக்கெட் முதலானோர் அந்தக் கணக்கையே மறுபடி பரிசோதித்து, பல எண்கள் மிகையானவை என்று குறைத்துக் காட்டினார்கள். அப்போதும் முறையான பேட்டி முதலிடத்தில் நின்றது. ஆகவே இந்தப் படிப்பில் எதைக் கண்டு நமது வாலிபர்கள் பயப்படுகிறார்களோ, அந்தப் புள்ளிவிவரக் கணக்குத்தான் இதன் உயிர். அதைத் தள்ளிவிட்டு மற்றதைப் படித்தவன் கோட்டுப் போட்ட ஜோசியனாகத் திரும்பி வருவான்.

இரண்டாவது கேள்விக்கு ஒரே ஒரு உதாரணம் சொல்லுகிறோம். பெரிய உத்தியோகஸ்தருக்குத்தான் பொறுப்பு அதிகம், மாரடைப்பும் அவருக்குத்தான் அதிகம் என்று ஒரு பேச்சு உண்டு. லண்டனில் 1967 முதல் பதினெட்டாயிரம் சர்க்கார் சிப்பந்திகளை வருஷக்கணக்காய்த் தொடர்ந்து கவனித்தார்கள். மாரடைப்பால் சாவது மேலதிகாரிகளைவிடக் கடைசிப் படியிலுள்ளவர்களில் மூன்று மடங்குக்கு மேல் இருந்தது. புகையிலை முதலியவற்றைக் கழித்துப் பார்த்தும் வித்தியாசம் முழுவதும் மறையவில்லை. 1985-ல் தொடங்கிய அடுத்த ஆராய்ச்சி, தன் வேலையில் தனக்கு இஷ்டப்பட்டபடி எதையும் தீர்மானிக்க முடியாத நிலைமையும் இதற்கு ஒரு காரணம் என்று காட்டியது. ஏவினதைச் செய்து, ஏன் என்று கேட்காமல் நிற்பது அவமானம் மட்டுமல்ல, ஆயுளையும் குறைக்கிறது.

நம் நாட்டிலும் இப்படி அளந்தவர்கள் உண்டு. தோரட், அட்வெல் என்ற இருவர் 2007-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஒரே படிப்பு, ஒரே அனுபவம் காட்டும் விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றிப் பெரிய தனியார் கம்பெனிகளின் விளம்பரங்களுக்கு அனுப்பினார்கள். மேல்ஜாதிப் பெயருக்கு வந்த அழைப்பு தீண்டப்படாதார் பெயருக்குக் குறைந்தது. கையிலே தராசு பிடிக்கக் கற்ற நம் பிள்ளைகள் நூறு பேர் இருந்தால், இப்படி எத்தனை கம்பெனிகளைத் தெருவில் நிறுத்தலாம்!

போகிறவர்களுக்கு இரண்டொரு விவரம். இந்த எம்.எஸ்ஸி. முழுநேரமானால் பெரும்பாலும் ஒரு வருஷம், பகுதிநேரமானால் இரண்டு. 1823-ல் தொழிலாளருக்கென்று ஏற்பட்டு, 1830-ல் பெண்களையும் சேர்த்துக்கொண்ட லண்டன் பிர்க்பெக் கல்லூரியில் மாலை நேரத்தில் இதைப் படிக்கலாம். ஆனால் எம்.எஸ்ஸி. வாங்கினதும் தொழில் மனோதத்துவர் ஆகிவிட முடியாது. 2009 முதல் அந்தப் பெயர் அங்கே சட்டத்தால் காக்கப்பட்டது. பதிவில்லாமல் போட்டுக்கொள்வது குற்றம். பி.காம். படித்தவரும் இன்ஜினியரும் பிரிட்டிஷ் மனோதத்துவ சங்கம் ஒப்பும் அடிப்படைப் படிப்பை முதலில் முடிக்க வேண்டும். எம்.எஸ்ஸி.யும் அச்சங்கம் ஒப்பியதாயிருக்க வேண்டும். பிறகு மேற்பார்வையில் இரண்டு வருஷமாவது வேலை பழக வேண்டும். "வியாபார மனோதத்துவர்" என்ற பெயருக்கு இந்தக் காவல் கிடையாது, யாரும் மாட்டிக்கொள்ளலாம். தரகர்கள் இந்த இரண்டு பெயரையும் ஒன்றாகக் குழப்பித்தான் பணம் வாங்குகிறார்கள். முன்பணம் கட்டுவதற்கு முன் கல்லூரிக்கு நீங்களே கடிதம் எழுதி, சங்கத்தின் ஒப்புதல் இந்த வருஷத்துக்கு உண்டா என்று எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.