உண்பதும் உடலிற் சேர்வதும்



சத்துணவு என்றதும் பாலும் முட்டையும் இறைச்சியுமே நம்மிற் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. அவற்றை நாள்தோறும் வாங்க வசதியில்லாத குடும்பத் தலைவி, தன் பிள்ளைகளுக்குச் சத்துணவு கொடுக்க இயலவில்லையே என்று மனஞ்சோர்கின்றாள். ஆயினும், சோறு, பருப்பு, கீரை, தேங்காய், தேசிக்காய் என அவளுடைய அடுக்களையில் உள்ள பொருள்களிலேயே பெருமளவு சத்து இருக்கின்றது. ஆனால் உணவிலுள்ள சத்து முழுவதும் உடலிற் சேர்ந்துவிடுவதில்லை. ஓர் உணவை எதனோடு உண்கின்றோம் என்பதைப் பொறுத்து அதன் பயன் கூடுவதும் உண்டு, குறைவதும் உண்டு. அச்சேர்க்கையைப் பற்றியே இன்று பேச எண்ணுகின்றேன்.

முதலிற் சோற்றையும் பருப்பையும் எடுத்துக்கொள்வோம். உடல் வளர்ச்சிக்கு வேண்டிய புரதம், ஏறத்தாழ 20 வகை அமினோ அமிலங்களால் ஆக்கப்படுகின்றது. அவற்றுள் 9 வகைகளை உடல் தானே ஆக்கிக்கொள்ள மாட்டாது, உணவிலிருந்தே பெறவேண்டும். அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோப்பவரை நினைத்துப் பாருங்கள். வேண்டிய எழுத்து ஒன்று தீர்ந்துபோனால், மற்றைய எழுத்துக்கள் எவ்வளவு கிடந்தும் சொல் நிறைவுறாது. அரிசியில் இலைசீன் என்னும் அமினோ அமிலம் குறைவு. பருப்பு வகைகளில் அது மிகுதி. பருப்பிற் குறைவாக உள்ள மெதியொனீனை அரிசி கொடுக்கின்றது. ஆகவே ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புகின்றது. மூன்று அல்லது நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பருப்பு என்பது நல்ல அளவு. உளுந்து சேர்த்த தோசையும் பயறு இட்ட புக்கையும் இத்தகைய சேர்க்கைகளே. இரண்டும் ஒரே கவளத்திற் சேரவேண்டும் என்பதில்லை. ஒரு நாளைய உணவில் இரண்டும் இடம்பெற்றாற் போதும்.

அடுத்தது இரும்புச்சத்து. இது குறைவதாற் குருதிச்சோகை உண்டாகின்றது. சிறு வேலைக்கும் களைப்பு மேலிடும். பிள்ளைகளுக்குப் பாடத்தில் மனஞ்செல்லாது. கருவுற்ற தாய்க்குக் குருதிச்சோகை மிகுமாயின், குழந்தை குறைமாதத்திற் பிறக்கவும் எடை குறைந்து பிறக்கவும் இடமுண்டு. கீரையிலும் பயற்றிலும் குரக்கனிலும் இரும்பு இருக்கின்றது. எனினும் தாவர உணவிலுள்ள இரும்பிற் சிறு பகுதியையே குடல் உறிஞ்சுகின்றது. தானியங்களிலும் பயறு வகைகளிலும் உள்ள பைற்றிக் அமிலம் அதனைப் பற்றிப் பிடித்துக்கொள்வது அதற்கொரு காரணம்.

இத்தடையை நீக்க உதவுவது விற்றமின் சி. அது இரும்பைக் குடல் எளிதில் ஏற்கும் வடிவத்துக்கு மாற்றுகின்றது. தேசிக்காய், கொய்யா, நெல்லி, தோடம்பழம் ஆகியவற்றில் இவ்விற்றமின் உண்டு. ஆனால் சூடு இதனை அழித்துவிடும். எனவே, முருங்கையிலை வறையை அடுப்பிலிருந்து இறக்கி, சற்று ஆறிய பின்னரே தேசிப்புளி விடுதல் வேண்டும். பயற்றை ஊறவைத்து முளைகட்டினாற் பைற்றிக் அமிலம் குறைவதோடு விற்றமின் சியும் தோன்றுகின்றது. தோசை மா புளிக்கும்போதும் அவ்வமிலம் குறைகின்றது. மீன் உண்போர், கீரையோடு சிறிது நெத்தலி சேர்த்துக்கொண்டால், மீன் தன் இரும்பைத் தருவதோடு கீரையின் இரும்பும் உடலிற் சேர உதவும்.

இனி, நன்மை செய்யாத ஒரு சேர்க்கையையும் சொல்லியாகவேண்டும். 1867ஆம் ஆண்டில் லூல்கந்துரைத் தோட்டத்தில் வணிகப் பயிராகத் தொடங்கிய தேயிலை, இந்நாட்டின் செல்வமாயிற்று; வீடுதோறும் பானமுமாயிற்று. தேநீரிலுள்ள தனின் வகைப் பொருள்கள் குடலில் இரும்போடு பிணைந்து, அதனை உடலிற் சேரவிடாது தடுக்கின்றன. உணவோடு தேநீர் அருந்தினால் இரும்பு உறிஞ்சப்படுவது பெரிதும் குறையும் என்பதை 1975ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு எடுத்துக்காட்டியது. காலையில் ரொட்டியையும் சம்பலையும் வெறுந்தேநீரோடு உண்டு கொழுந்தெடுக்கச் செல்லும் தாய்க்கு, உணவிற் கிடைக்கும் சிறிதளவு இரும்பும் இவ்வாறு வீணாகலாம். தேநீரைக் கைவிடுமாறு நான் கூறவில்லை. உணவு உண்டு ஒரு மணி நேரமாவது கழித்து அருந்துங்கள் என்றே வேண்டுகின்றேன். கோப்பிக்கும் இது பொருந்தும். சிறு பிள்ளைகளுக்குத் தேநீர் கொடாதிருத்தலே நன்று.

கர்ப்பிணிகளுக்குச் சிகிச்சை நிலையங்களில் வழங்கப்படும் இரும்பு மாத்திரையையும் தேநீரோடோ பாலோடோ விழுங்கலாகாது. கல்சியம் மாத்திரையும் தரப்பட்டிருந்தால் இரண்டையும் வெவ்வேறு நேரங்களில் உட்கொள்ள வேண்டும். குருதிச்சோகை ஏற்பட்டுவிட்டால் உணவு மட்டுமே போதுமென்று இருந்துவிடாது, வைத்தியரின் ஆலோசனையைப் பெறுதல் அவசியம்.

இறுதியாக, பூசணியிலும் கரட்டிலும் கீரையிலும் உள்ள கரோட்டின். உடல் இதிலிருந்தே கண்ணுக்கு வேண்டிய விற்றமின் ஏயை ஆக்கிக்கொள்கின்றது. கரோட்டின் கொழுப்பிற் கரைவது. உணவிற் சிறிதும் கொழுப்பு இல்லாதபோது அது நன்கு உறிஞ்சப்படுவதில்லை. கீரையைத் தேங்காய்ப்பூவோடு வறுப்பதும், பூசணியைப் பாலிற் காய்ச்சுவதும் சுவைக்காக மட்டும் பயன்படுவன அல்ல. கொழுப்புச் சிறிதளவே போதுமாகையால், கறியை எண்ணெயில் மிதக்கவிட வேண்டியதில்லை.

நாளைய மதிய உணவுக்குச் சோறும் பருப்பும் சமைக்கும்போது, ஒரு பிடி கீரையைத் தேங்காய்ப்பூவோடு வறுத்து, ஆறியதும் பாதித் தேசிக்காயைப் பிழிந்துவிடுங்கள். தேநீர்க் கேத்திலைச் சற்றுப் பிந்தி அடுப்பில் ஏற்றுங்கள். இவற்றுக்கு ஆகும் மேலதிகச் செலவு அந்தப் பாதித் தேசிக்காயின் விலைதான்.