படகு மோட்டாரும் தண்ணீரும்

பட்டு நெய்யும் நம் ஆரணியில் கடலில்லை. எனினும் கடலோர மீனவரின் இன்னல் ஒன்றைக் கூறுகிறேன்.

படகின் பின்புறம் மாட்டும் பழைய மோட்டாரைப் பெட்ரோலில் கிளப்பி, மண்ணெண்ணெயில் ஓட்டுவதுண்டு. அது நடுக்கடலில் நின்றுபோனால் எண்ணெயில் தண்ணீர் உளதா என்று பார்த்தல் வேண்டும். பாதி காலியான தொட்டியில் இரவுக் குளிர்ச்சியால் காற்றின் ஈரம் துளியாகும். நீர் கனமானது, அடியில் தங்கும். குழாய் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதானே! பருத்தித் துணியில் வடித்தால் தூசி நிற்கும், நீர் நில்லாது. ஆதலால் தொட்டிக்கும் மோட்டாருக்கும் இடையே நீர்ப்பிரிப்பான் தேவை. அதன் கிண்ணத்தில் தேங்கும் நீரைப் புறப்படுமுன் வடித்துவிட வேண்டும்.

2025இல் நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனாலின் பங்கு 20 விழுக்காட்டை எட்டியது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். ஈரம் மிஞ்சினால் இரண்டும் சேர்ந்தே பிரிந்து அடியில் இறங்கும். அந்நிலையில் தொட்டியையே காலி செய்தல் வேண்டும். கரை தெரியாத இடத்தில் அது எங்ஙனம் இயலும்?