முதிர்ந்த களிறும் வேட்டைக் கணக்கும்

கிலிமஞ்சாரோ மலைக்கு வடக்கே, கென்யா நாட்டில், அம்போசெலி என்னும் புல்வெளி பரந்து கிடக்கின்றது. அங்கு திரியும் யானைகளைச் சிந்தியா மொஸ் என்னும் அம்மையாரும் அவரோடு சேர்ந்த ஆய்வாளரும் 1972ஆம் ஆண்டு தொடக்கம் ஒவ்வொன்றாக இனங்கண்டு, பெயரிட்டு, பிறப்பு இறப்புகளை ஏட்டிற் பதிந்து வருகின்றனர். மனிதருட் பலருக்கே கிட்டாத குடும்ப வரலாறு இந்த யானைகளுக்கு உண்டு.

ஆனால் யானைக்கு நாட்டெல்லை தெரியாது. தெற்கே சிறிது தூரம் நடந்தால் அது தன்சானியாவுக்குள் கால்வைத்துவிடும். கென்யாவில் 1977ஆம் ஆண்டிலேயே வேட்டை தடைசெய்யப்பட்டது. தன்சானியாவிலோ, பணம் செலுத்தி உரிமம் பெற்றவர் யானையைச் சுட்டுத் தந்தத்தை வெற்றிச் சின்னமாகக் கொண்டு செல்லலாம். 1990களின் நடுப்பகுதியில் அம்போசெலிக் களிறுகள் சில எல்லைக்கப்பாற் கொல்லப்பட்டபோது கண்டனம் எழுந்தது. அதன் பயனாக அவ்வட்டாரத்தில் ஏறக்குறைய 30 ஆண்டுகள் யானை வேட்டை நின்றிருந்தது. 2023 செப்டெம்பருக்கும் 2024இன் முற்பகுதிக்கும் இடையில் ஐந்து பெருந்தந்தக் களிறுகளேனும் அங்கு மீண்டும் சுடப்பட்டன.

வேட்டையை ஆதரிப்போர் இதற்கு ஒரு கணக்குக் காட்டுவர். பல பத்தாயிரம் யானைகள் வாழும் தன்சானியாவில் ஆண்டொன்றுக்கு 50 யானைகளின் தந்தங்களே ஏற்றுமதிக்கு அனுமதிக்கப்படுகின்றன. வட்டியை உண்பவன் முதலை அழிப்பதில்லை என்பது அவர்கள் வாதம். இதனைக் குதர்க்கம் என்று ஒதுக்கிவிட இயலாது. தென்னாபிரிக்காவின் வெள்ளைக் காண்டாமிருகம் ஒரு காலத்தில் நூற்றுக்கும் குறைவான தொகையாகச் சுருங்கியிருந்தது. 1968இல் அளவான வேட்டைக்கு அனுமதி கிடைத்தபோது அதன் தொகை ஏறத்தாழ 1,800. வேட்டையால் வருவாய் உண்டு என்று கண்ட தனியார் நிலவுடைமையாளர் காண்டாமிருகத்தை விலைகொடுத்து வாங்கி வளர்த்தனர். 2012ஆம் ஆண்டளவில் அத்தொகை 20,000ஐ எட்டியது. நமீபியாவில் 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த கிராமக் காப்புநிலங்களில், வேட்டைக் கட்டணத்தில் ஒரு பங்கும் சுடப்பட்ட விலங்கின் இறைச்சியும் ஊராருக்குச் சேர்கின்றன. ஓரிரவில் ஓராண்டுச் சோளத்தை மிதித்தழிக்கும் யானையை ஏன் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்கும் உழவனுக்கு அது ஒரு விடை. எங்கள் வறண்ட வலயத்துக் கமக்காரருக்கு அந்தக் கேள்வியின் கூர்மையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

தடை மட்டும் விலங்கைக் காத்துவிடும் என்பாருக்கும் கென்யா ஒரு சங்கடமான சான்று. வேட்டை நின்ற 1977 முதல் 2016 வரையில் அந்நாட்டு மேய்ச்சல் நிலங்களிற் காட்டு விலங்குகளின் தொகை ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வீழ்ந்தது. மக்கள் பெருக்கமும், வேலிகளும், கால்நடைகளும், கள்ள வேட்டையும் துப்பாக்கி உரிமத்துக்காகக் காத்திருக்கவில்லை.

எனினும் எண்ணிக்கைக் கணக்கில் ஓர் ஓட்டை உளது. எத்தனை விலங்கு என்று கேட்பவர், எந்த விலங்கு என்று கேட்பதில்லை. வெற்றிச் சின்னத்தை நாடுபவன் விரும்புவது மிகப் பெரிய கொம்பையும் மிக நீண்ட தந்தத்தையுமே. அவை பெரும்பாலும் முதிர்ந்த ஆண் விலங்குகளிடமே உள்ளன. முதுமை எல்லா விலங்குக்கும் ஒரே பொருளுடையதன்று. காட்டெருமைக் கிழக் கடாக்கள் மந்தையை விட்டு விலகி, இரண்டும் மூன்றுமாகச் சேற்றிற் கிடந்து காலங்கழிக்கும். அவற்றுள் ஒன்று போவதால் மந்தையின் பெருக்கம் குன்றாது. 2014ஆம் ஆண்டு அமெரிக்காவின் டலஸ் நகரில் 350,000 டொலருக்கு ஏலம்போன நமீபியக் கருங்காண்டாமிருக வேட்டை உரிமமும் இனப்பெருக்கத்தைக் கடந்த, பிற காண்டாமிருகங்களைத் தாக்கும் கிழ ஆணுக்கென்றே ஒதுக்கப்பட்டது. உலகெங்கும் எதிர்ப்புக் கிளம்பிற்று. ஆயினும் உயிரியற் கணக்கிற் பிழை காண்பது அரிது.

யானையின் நிலை இதற்கு நேர்மாறானது. களிறு ஏறத்தாழ 30 வயதளவிலேதான் ஒழுங்காக மதங்கொள்ளத் தொடங்குகின்றது. மதம் என்றவுடன் நமக்கு வெறியே நினைவுக்கு வரும். காட்டில் அது இனச்சேர்க்கைக்குரிய பருவம். பிடிகள் மதங்கொண்ட முதிய களிற்றையே பெரிதும் விரும்புவதால், 35 வயதைக் கடந்த பின்னரே களிறு மிகுதியான கன்றுகளுக்குத் தந்தையாகின்றது. தந்தமோ வாழ்நாள் முழுதும் வளர்வது. ஆகவே வேட்டைக்காரன் கண்ணுக்குப் பழுத்துவிட்டதாகத் தோன்றும் அதே களிறு, தன் இனத்துக்கு அப்போதுதான் பயன்படத் தொடங்கியிருக்கும்.

முதியவை இல்லாத இடத்தில் நிகழ்வது யாது என்பதைத் தென்னாபிரிக்காவின் பிலானெஸ்பேர்க் காப்பகம் காட்டிற்று. குரூகர் வனத்தில் யானைகளைக் கொன்று குறைத்தபோது அநாதைகளான கன்றுகள் அங்கு கொண்டுவந்து விடப்பட்டன. அவற்றுள் ஆண்கள் உரிய வயதுக்கு முன்பே மதங்கொண்டன. 1992 முதல் 1997 வரையில் 40க்கு மேற்பட்ட வெள்ளைக் காண்டாமிருகங்களை அவை குத்திக் கொன்றன. 1998இல் ஆறு முதிய களிறுகளைக் கொண்டுவந்து விட்டதும் இளையவற்றின் மதம் அடங்கிற்று, கொலையும் நின்றது.

தன்சானியச் சட்டத்தில், சுடப்படும் யானையின் தந்தம் குறைந்தது 20 கிலோ நிறையேனும் 160 சென்ரிமீற்றர் நீளமேனும் கொண்டிருத்தல் வேண்டும் என்ற விதி உண்டு. இளங்களிறுகளைக் காக்க எழுந்த இந்த விதியே முதியவற்றுக்குக் குறியிட்டுக் கொடுக்கின்றது. நாடு முழுவதற்கும் 50 என்பது சிறு தொகையாக இருக்கலாம். ஓர் எல்லைப்புற வட்டாரத்தின் கைவிரல்விட்டு எண்ணத்தக்க பெருந்தந்தக் களிறுகளில் ஐந்து என்பது அவ்வாறன்று. எல்லையின் இருபுறத்தாரும் ஒன்றாக அமர்ந்து, ஒரே ஏட்டைப் பார்த்து அளவை வகுக்காத வரையில், தன்சானியாவின் கணக்கு அம்போசெலிக்குப் பொருந்தாது.

சுடப்பட்ட களிறுகளுட் சிலவற்றின் உடல்கள் அவ்விடத்திலேயே எரிக்கப்பட்டன என்று ஆய்வாளர் தெரிவித்தனர். ஆதலால் 1972 முதல் எழுதப்பட்டுவரும் அந்த ஏட்டில், எந்தப் பெயருக்கு எதிரே இறப்பைக் குறிப்பது என்று அவர்களால் தெளியமுடியாமற் போயிற்று.