தலையெழுத்தும் ஈஸ்ட்டும்

(ஓசூர்த் தொழிலாளர் கூட்டமொன்றில் பேசியது)



இன்று நாம் ஈஸ்ட்டைப் பற்றிப் பேசப் போகின்றோம் என்றதும் சிலர் சிரித்தீர்கள். பன்னை உப்பவும் கள்ளைப் புளிக்கவும் செய்கின்ற அற்ப உயிருக்குப் பகுத்தறிவுக் கூட்டத்தில் என்ன வேலை என்று கேட்கலாம். ஆனால், "பிரமன் எழுதியது அழியாது" என்று நம் தலையில் கட்டப்பட்ட பொய்யை இந்த அற்ப உயிர் ஒன்றரை மணிக்கொரு தடவை பொய்யாக்கிக் கொண்டிருக்கின்றது.

எப்படி? உங்கள் தொழிற்சாலையையே எடுத்துக் கொள்ளுங்கள். மூல வரைபடம் ஆபீசில் இருக்கும். அதைப் பார்த்து எழுதிய வேலைச்சீட்டுத்தான் மெஷினுக்கு வரும். ஈஸ்ட் செல்லிலும் அப்படியே. மூலம் உட்கருவில் இருக்கின்றது. வெளியே வருகின்ற சீட்டுக்குப் பெயர் ஆர்.என்.ஏ. அவற்றில் ஒன்று, சி.எல்.பி.2 என்னும் புரதத்தைச் செய்யச் சொல்லுகின்றது. அப்புரதம் செல்லைப் பிரியும்படி முடுக்கி விடுவது. பிரிவு முடிய வேண்டுமானால் அப்புரதமும் ஒழிய வேண்டும். அதன் சீட்டும் கிழிபட வேண்டும்.

சீட்டைக் கிழிப்பது யார்? பிரமனல்ல. ஆர்.என்.ஏஸ் எம்.ஆர்.பி. என்னும் ஒரு கத்தரி. அமெரிக்காவில் சிராக்கூஸ் நகரத்து மார்க் ஷ்மிட் கூட்டத்தார் இதை ஆராய்ந்தார்கள். இக்கத்தரி பழுதானால் செல் பிரிவின் கடைசிக் கட்டத்தில் தடைப்பட்டு நிற்பதை 2002இல் காட்டினார்கள். அது சி.எல்.பி.2 சீட்டின் தலைப்பை வெட்டுவதையும், தலைப்பு போன சீட்டை எக்ஸ்.ஆர்.என்.1 என்னும் மற்றொன்று தின்று தீர்ப்பதையும் 2004இல் சொன்னார்கள்.

ஆனால் ஒரு சங்கடம். இக்கத்தரியின் வழக்கமான இருப்பிடம் உட்கருவுக்குள் இருக்கும் நியூக்ளியோலஸ். டூல் ரூமில் பூட்டிக் கிடக்கும் கத்தரி வெளியிலுள்ள சீட்டை வெட்டுமா? 2006இல் விடை கிடைத்தது. பிரிவு துவங்கியதும் கத்தரி உட்கரு முழுவதும் பரவுகின்றது. வெளியேயும் ஒரேயொரு புள்ளியில் தங்குகின்றது. அப்புள்ளி மகள் செல்லில் மட்டுமே காணப்படுகின்றது. பிரிவு முடியும் மட்டும் இருந்து, பிறகு மறைகின்றது. வெட்டப்படும் சீட்டும் அதைத் தின்பதும் அங்கேயே இருக்கக் கண்டார்கள்.

பார்த்தீர்களா? செல்லுக்கும் நேரமுண்டு, இடமுண்டு. ஆனால் பஞ்சாங்கமில்லை, ராகுகாலமில்லை. காரணமுண்டு, தேடினால் அகப்படுகின்றது.

நிற்க, இதனால் நமக்கென்ன என்பீர்கள். இதே கத்தரி மனிதனுக்கும் உண்டு. அதன் ஆர்.என்.ஏ. பாகத்தைத் தரும் ஜீனில் ஏற்படும் பழுதே, கைகால் குட்டையாய், மயிர் மெல்லியதாய்ப் பிறக்கும் ஒரு வியாதிக்குக் காரணமென்று 2001இல் கண்டார்கள். தாய், தகப்பன் இருவரிடமும் பழுதான பிரதி ஒவ்வொன்று இருந்தால் பிள்ளைக்கு நாலில் ஒரு பங்கு இவ்வியாதி வரக்கூடும். அவர்களுக்கோ ஒன்றும் தெரியாது; நன்றாகவே இருப்பார்கள்.

நம் பக்கத்தில் தமிழர், தெலுங்கர், கன்னடர் என்ற பேதமில்லாமல் அக்காள் மகளைக் கட்டுகின்ற வழக்கமிருக்கின்றது. அவ்விதம் பிறக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் சுகமாகவே இருக்கிறார்கள். ஆனாலும் ஒரே குடும்பத்துப் பழுது இரு பக்கமும் வந்து சேர இடமுண்டு. அப்படிச் சேர்ந்துவிட்டால் நாம் செய்வதென்ன? பெற்றவளைப் பார்த்து, "போன ஜன்மத்துப் பாவம்" என்கின்றோம்; பரிகாரத்துக்குப் பணம் பறிக்கின்றோம். மாமனைக் கட்டென்று அவளை வற்புறுத்தியவர்கள் மட்டும் நல்லவர்களாகி விடுகிறார்கள்!

தோழர்களே! பக்கத்துப் பெங்களூர் ஆராய்ச்சி நிலையங்களிலும் ஈஸ்ட் பிரிவதை ஆராய்ந்திருக்கிறார்கள். நாம் சொல்வதால் எதையும் நம்ப வேண்டாம். படித்தவர்களைக் கேளுங்கள், கல்யாணத்துக்கு முன் ஜோசியரை விட்டு டாக்டரைக் கேளுங்கள். வேலை முடிந்த சீட்டை ஈஸ்ட்கூட வைத்திருப்பதில்லை. தலையெழுத்து என்னும் பழைய சீட்டை நாம் இன்னும் எத்தனை நாளைக்கு வைத்திருப்பது?