படித்த பிள்ளை ஊர் திரும்ப



சில மாதங்களுக்கு முன் பீடோருக்குப் போயிருந்தேன். சாலையோரக் கொய்யாக் கடையில் ஒரு பாட்டியைச் சந்தித்தேன். முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். பேச்சுவாக்கில் அவர் சொன்னார்: "என் பேத்தி வெளிநாட்டுல மூளையைப் பத்தி ஆராய்ச்சி பண்ணுது தம்பி. பெரிய பட்டமும் வாங்கிருச்சு. வீட்டுக்கு வாம்மான்னா, 'வந்து எதை வச்சுப் பாட்டி வேலை செய்யறது?'ன்னு கேட்குது. எனக்கு அது விளங்கலையே!"

அந்தப் பாட்டிக்குச் சொன்ன பதிலைத்தான் இன்று உங்களுக்கும் சொல்லப் போகிறேன்.

மூளை ஆராய்ச்சி நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். பீடோரிலிருந்து தாப்பா, கம்பார் வழியாக வடக்கே போனால் ஈப்போ வருகிறது. 1998ஆம் ஆண்டு செப்டம்பரில் அந்த ஈப்போ வட்டாரத்தில்தான் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களை ஒரு மூளைக்காய்ச்சல் தாக்கியது. கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே முதலில் எண்ணினார்கள். புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். அப்படியும் ஆட்கள் இறந்துகொண்டே இருந்தார்கள். நோய் நெகிரி செம்பிலானுக்கும் பரவியது.

1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் என்பவர், நோயாளியிடமிருந்து எடுத்த நீரில் இதுவரை அறியாத ஒரு கிருமி இருப்பதைக் கண்டார். அதை இன்னதென்று உறுதி செய்ய அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையத்தின் ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துச் சென்றார். அதுதான் நிப்பா கிருமி. அது கொசுவால் அல்ல, நோயுற்ற பன்றிகளை நெருங்கிப் பழகுவதால் தொற்றியது என்பது தெளிவானது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன, நோய் அடங்கியது. அதற்குள் நம் நாட்டில் 265 பேர் நோயுற்று, 105 பேர் இறந்துவிட்டார்கள்.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் புலப்படுகின்றன. நோய் வந்த இடத்திலேயே அதைத் தேடிப் பார்க்கும் அறிவாளி இருக்க வேண்டும். அவர் கைக்கு எட்டும் தூரத்தில் கருவியும் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் நாட்கள் வீணாகும், உயிர்கள் போகும்.

இப்போது பேத்தியின் கேள்விக்கு வருவோம். தோட்டத்தில் மறுநடவு எப்படி நடக்கிறது? கிழட்டு மரத்தை வெட்டிவிட்டுப் புதுக் கன்று நட்டால், பால் வெட்ட ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். அதுவரை களை எடுக்க வேண்டும்; உரம் போட வேண்டும். வருமானமோ கிடையாது. சிறு தோட்டக்காரர் எப்படித் தாங்குவார்? அதற்காகத்தான் மறுநடவு மானியம் என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள்.

ஊர் திரும்பும் இளம் ஆய்வாளரின் நிலையும் இதேதான். அங்கே ஆசிரியரின் ஆய்வுக்கூடத்தில் எல்லாம் இருந்தது. இங்கே வந்தால் நான்கு சுவரும் ஒரு மேசையும் இருக்கலாம். நுண்ணோக்கி வேண்டும். மாதிரிகளைக் கெடாமல் வைக்க, பூச்சியத்துக்குக் கீழே 80 டிகிரி குளிர் தரும் பெட்டி வேண்டும். இரசாயனப் பொருள் வேண்டும், உதவியாளர் வேண்டும். இவையின்றி இரண்டு ஆண்டுகள் போனால், கற்ற வித்தை துருப்பிடித்துவிடும்.

ஆகவே, ஊர் திரும்புவோருக்கென்றே சில நிதிகள் உண்டு. 1961இல் தோன்றிய அனைத்துலக மூளை ஆராய்ச்சி அமைப்பு, வளரும் நாடுகளின் இளம் நரம்பியல் ஆய்வாளர்கள் தாயகத்தில் ஆய்வு தொடங்க 20,000 யூரோ வரை கொடுத்து வந்திருக்கிறது. ஓர் ஆய்வுக்கூடம் முழுவதற்கும் அது போதாது, அது விதைப்பணம். இந்திய அரசு, மறைந்த மருத்துவ அறிஞர் இராமலிங்கசாமியின் பெயரால் 2006-07இல் ஓர் உதவித் திட்டத்தை வகுத்தது. திரும்பி வரும் உயிரியல் ஆய்வாளருக்கு ஐந்தாண்டுகள் ஊதியமும் ஆய்வுச் செலவும் தருவது அது. மறுநடவுக் கணக்கும் ஏறக்குறைய அதே ஐந்தாண்டுதான் என்பதைக் கவனியுங்கள்!

நம் நாட்டில் 2011இல் டேலண்ட்கார்ப் நிறுவனம் அமைந்தது. அதன் திட்டத்தில் திரும்பி வரும் நிபுணருக்கு ஐந்தாண்டுகள் 15 விழுக்காடு வருமான வரி என்ற சலுகை உண்டு. நல்லதுதான். ஆனால் வரிச் சலுகை கைநிறையச் சம்பாதிப்பவருக்கே பெரிதும் உதவும். இப்போதுதான் படித்து முடித்த பிள்ளைக்கு முதல் தேவை கருவியும் காலமும்.

திரும்பி வந்த ஒருவரால் என்ன ஆகும் என்கிறீர்களா? டாக்டர் ஜேக்கப் சாண்டி கனடாவின் மாண்ட்ரியலில் மூளை அறுவை மருத்துவம் கற்றவர். 1949இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, இந்தியாவின் முதல் மூளை நரம்பியல் பிரிவைத் தொடங்கினார். அவரிடம் பயின்றவர்கள் பல ஊர்களுக்கும் அந்த மருத்துவத்தைக் கொண்டு சென்றார்கள். ஒரு மரத்து ஒட்டுக்கிளைகள் ஒரு தோட்டமே ஆனது போல!

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்தால், "எப்போது வருவாய்?" என்று மட்டும் கேட்காதீர்கள். "இங்கே எந்தப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிப் போட்டாய்? எந்த நிதிக்கு மனுச் செய்தாய்?" என்றும் கேளுங்கள். இத்தகைய நிதிகள் பெரும்பாலும் பட்டம் பெற்ற சில ஆண்டுகளுக்குள் கேட்டால்தான் கிடைக்கும். இடம் தர ஒரு நிறுவனமும் முன்வர வேண்டும். காலம் தவறினால் வாய்ப்பும் தவறும்.

பிள்ளை வந்த பிறகு, முதல் ஆண்டிலேயே பெரிய பலனை எதிர்பார்க்காதீர்கள். இளங்கன்றில் கத்தி வைக்கக் கூடாது என்பது பால் வெட்டிய கைகளுக்குத் தெரியாததா?

இதைக் கேட்ட பீடோர்ப் பாட்டி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்படின்னா அது வரமாட்டேன்னு சொல்லலை, நட்டு வைக்க நிலம் கேட்குது" என்றார்.

என் பேச்சின் சாரம் முழுவதும் அதுதான்.