பங்க் இசையின் அசலும் விலையும்

பங்க் ராக் பிறந்த நாள்முதல் அதன்மேல் ஒரு வழக்கு நடந்துவருகிறது. எதிர்ப்பைப் பாடிய இசை சந்தைக்குப் போனபின் அந்த எதிர்ப்பு உண்மைதானா என்பதே வழக்கு. பணம் வாங்கியவன் விலைபோனான் என்கிறது ஒரு கட்சி. பாடுகிறவனுக்கும் வயிறு உண்டு, கேட்பவர் பெருகுவது குற்றமா என்கிறது மறு கட்சி. நியூயார்க், லண்டன், மான்செஸ்டர், வாஷிங்டன், பெர்க்லி என்று ஊர் ஊராக நடந்த இந்த வழக்குக்கு வேண்டிய சான்று உடையிலும் இல்லை, உரத்த குரலிலும் இல்லை. அது கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. செலவு செய்தவர் யார்? விலை வைத்தவர் யார்? ஒலிப்பதிவு யாருக்குச் சொந்தம்? வாசலில் யாரை உள்ளே விட்டார்கள்? இந்த நான்கு கேள்விகளுக்கும் விடை தெரிந்தால் அசல் எது, வேடம் எது என்பது தானே விளங்கிவிடும்.

1970-களின் தொடக்கத்தில் ராக் இசை பெருந்தொழிலாகிவிட்டிருந்தது. விளையாட்டரங்கங்களில் கச்சேரி, லாரி லாரியாகக் கருவிகள், இசைத்தட்டின் ஒரு பக்கத்தையே நிரப்பும் நீண்ட பாடல்கள் என்று அது வளர்ந்திருந்தது. கையில் காசில்லாத இளைஞன் அந்த இசையை வாங்கிக் கேட்கலாம். தானே வாசிக்கலாம் என்று கனவுகூடக் காண முடியாது. அதே காலத்தில் நியூயார்க் மாநகராட்சி 1975-இல் திவாலின் விளிம்புக்கு வந்து நின்றது. அந்நகரின் பௌரி தெருவில், வீடற்றவர்கள் ஒதுங்கும் விடுதிகளுக்கு நடுவே, ஹில்லி கிறிஸ்டல் 1973-இல் திறந்த சிபிஜிபி என்ற மதுக்கூடத்தின் மேடை, வேறெங்கும் இடம் கிடைக்காத குழுக்களுக்குக் கிடைத்தது. அவர் வைத்த முக்கிய நிபந்தனை இது: பிறர் பாட்டை வாசிக்கக் கூடாது, சொந்தப் பாட்டைத்தான் வாசிக்க வேண்டும். டெலிவிஷன், பட்டி ஸ்மித், பிளாண்டி, டாக்கிங் ஹெட்ஸ், ராமோன்ஸ் ஆகியோர் வளர்ந்தது அந்த மேடையில்.

குவீன்ஸ் பகுதியிலிருந்து வந்த ராமோன்ஸ் குழுவின் முதல் இசைத்தொகுப்பு 1976 ஏப்ரலில் வெளிவந்தது. மொத்தம் 14 பாடல்கள். எல்லாம் சேர்த்து அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பதிவுக்கு ஆன செலவு ஏறத்தாழ 6,400 டாலர். பெரிய குழுக்கள் அன்று செலவிட்டதோடு வைத்துப் பார்த்தால் இது சில்லறை. ஒலிப்பதிவுக் கூடம் எட்டாத உயரத்தில் இல்லை என்பதை அந்தத் தொகுப்பு நாடறியச் சொன்னது.

கடலைக் கடந்து லண்டனுக்குப் போனபோது பங்க் வேறு உருவம் எடுத்தது. பிரிட்டனில் வேலையில்லாதோர் எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தாண்டியிருந்தது. 1976-இல் அரசே பன்னாட்டு நிதியத்திடம் கடன் கேட்டு நின்றது. அந்தச் சூழலில் எழுந்த செக்ஸ் பிஸ்டல்ஸ் குழு ஒரு துணிக்கடையைச் சுற்றி உருவானது. கிங்ஸ் ரோடு 430-ஆம் எண் கடையை மால்கம் மெக்லாரனும் விவியன் வெஸ்ட்வுட்டும் நடத்தினார்கள். கிழித்த சட்டையும் ஊக்கும் தோல் பட்டையும் அங்கே விற்பனைக்குத் தொங்கின. குழுவுக்கு மேலாளரும் மெக்லாரனே. பங்க் முதலில் தூய்மையாக இருந்தது, பிறகுதான் வணிகம் வந்து கெடுத்தது என்ற கதையை வரலாறு ஏற்கவில்லை. லண்டன் பங்கில் பாட்டும் கல்லாப்பெட்டியும் முதல் நாளிலிருந்தே ஒரே கூரையின்கீழ் இருந்தன.

அடுத்து நடந்தவை தேதிவாரியாகவே பாடம் சொல்லும். 1976 அக்டோபரில் ஈஎம்ஐ நிறுவனம் 40,000 பவுண்டு முன்பணத்துக்கு அந்தக் குழுவை ஒப்பந்தம் செய்தது. டிசம்பர் 1-ஆம் தேதி பில் கிரண்டியின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் குழுவினர் வசைச்சொற்கள் பேச, மறுநாள் நாளேடுகளின் முதல் பக்கமெல்லாம் அவர்களே. ஜனவரியில் ஈஎம்ஐ ஒப்பந்தத்தை முறித்தது. 1977 மார்ச்சில் ஏ அண்ட் எம் நிறுவனம் பக்கிங்ஹாம் அரண்மனை வாசலில் கையெழுத்து வாங்கியது. ஒரு வாரத்துக்குள் கைவிட்டது. மே மாதம் வர்ஜின் ஏற்றது. அரசியின் வெள்ளிவிழா வேளையில் வெளிவந்து முடியாட்சியைச் சாடிய பாடலை பிபிசி தடை செய்தும் அது விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடத்துக்கு ஏறியது. 1978 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோ மேடையோடு குழு சிதறியது. குழுவின் பணத்துக்காகப் பாடகர் ஜான் லைடன் மெக்லாரன்மீது தொடுத்த வழக்கு 1986-இல்தான் முடிவுக்கு வந்தது. பாட்டில் இருந்த கோபம் பொய்யல்ல. ஆனால் கணக்குப் புத்தகம் பாடியவர்களிடம் இல்லை. அதற்காக அவர்கள் நீதிமன்றம் போக வேண்டியிருந்தது.

கிளாஷ் குழு 1977 ஜனவரியில் சிபிஎஸ் நிறுவனத்தோடு ஒரு லட்சம் பவுண்டுக்கு ஒப்பந்தம் செய்தது. வங்கி எழுத்தராக இருந்து, நகலெடுத்துப் பின் அடித்த ‘ஸ்னிஃபின் குளூ’ என்ற சிற்றிதழைத் தொடங்கிய மார்க் பெர்ரி, பங்க் இறந்தது அன்றுதான் என்று சொன்னார். அவர் பயந்தது வீண்போகவில்லை. குழுவைக் கேட்காமலேயே ஒரு பாடலை நிறுவனம் தனித்தட்டாக வெளியிட்டது. கிளாஷ் அதற்குப் பதிலாக, அந்த நிறுவனத்தையே கண்டித்து ‘கம்ப்ளீட் கண்ட்ரோல்’ என்ற பாடலை எழுதி, அதே நிறுவனத்தின் வழியே வெளியிட்டது. 1979-இல் ‘லண்டன் காலிங்’ இரட்டைத் தொகுப்பு ஒற்றைத் தொகுப்பின் விலைக்கு விற்கப்பட்டது. மறு ஆண்டு, மூன்று தட்டுகள் கொண்ட ‘சாண்டினிஸ்டா!’வின் விலையைத் தாழ்த்துவதற்காகக் குழு தன் ராயல்டியை விட்டுக்கொடுத்தது. பெரிய நிறுவனத்துக்குள் போனவர்கள் எல்லாரும் அடங்கிப்போனார்கள் என்று சொல்வது நியாயமாகாது. அதே நேரத்தில் உள்ளே இருந்து போராடுவதற்குக் கூலி தங்கள் பையிலிருந்தே போயிற்று என்பதையும் மறைக்கக் கூடாது.

பங்கின் பெருங்கொடை இந்தப் புகழ்பெற்ற சண்டைகளைவிட மான்செஸ்டரில் நடந்த ஒரு சிறிய காரியத்தில் இருக்கிறது. பஸ்காக்ஸ் குழுவினர் குடும்பத்தாரிடமும் நண்பர்களிடமும் ஏறத்தாழ 500 பவுண்டு கடன் வாங்கினார்கள். 1976 டிசம்பர் 28 அன்று சில மணி நேரத்தில் நான்கு பாடல்களைப் பதிவு செய்தார்கள். நகரின் பிக்காடில்லியில் ஒரு சிலையின் அடியில் நின்று போலராய்டு கேமராவில் எடுத்த படமே உறையாயிற்று. எந்தப் பாடல் எத்தனையாவது முயற்சியில் பதிவானது, எதில் கிட்டார் பின்னால் சேர்க்கப்பட்டது என்பதை அந்த உறையிலேயே அச்சிட்டார்கள். மூன்று பாடல்கள் முதல் முயற்சியிலேயே முடிந்தவை. நியூ ஹார்மோன்ஸ் என்று தங்களுக்குத் தாங்களே ஒரு நிறுவனப் பெயர் வைத்து, 1977 ஜனவரியில் ஆயிரம் பிரதிகளை வெளியிட்டார்கள். அந்த ஆயிரமும் விற்றுத் தீர்ந்து, மேலும் பல ஆயிரம் அச்சாயின. ‘ஸ்பைரல் ஸ்கிராட்ச்’ என்ற அந்தத் தட்டின் உறையைக் கையில் எடுத்துப் பார்த்த ஒவ்வோர் இளைஞனுக்கும் தொழில் ரகசியம் தெரிந்துபோயிற்று. 1978-இல் ஸ்கிரிட்டி பொலிட்டி குழு இன்னும் ஒரு படி மேலே போய், பதிவுக்கு எவ்வளவு, அச்சுக்கு எவ்வளவு என்ற செலவுக் கணக்கையே உறையில் அச்சிட்டது.

அந்தக் கணக்கு ஓர் இயக்கமாயிற்று. லண்டனில் ஜெஃப் டிராவிஸ் 1976-இல் தொடங்கிய ரஃப் டிரேட் கடை இத்தகைய தட்டுகளை நாடெங்கும் சேர்ப்பித்தது. 1978-இல் தானே வெளியீட்டு நிறுவனமாகி, செலவு போக மீந்த லாபத்தைக் குழுவோடு சரிபாதியாகப் பங்கிட்டது. எசெக்ஸ் கிராமப்புறத்தில் கூட்டாக வாழ்ந்த கிராஸ் குழு, இந்த விலைக்கு மேல் கொடுக்காதீர்கள் என்று உறையிலேயே விலையை அச்சிட்டது. இடைத்தரகர் விலையேற்ற வழியில்லை.

வாஷிங்டனில் பள்ளி மாணவர்கள் இதே பாதையில் நடந்தார்கள். டீன் ஐடில்ஸ் என்ற குழு கலைந்தபோது கையில் மிஞ்சியது 600 டாலர். அதைப் பங்கிட்டுக்கொள்ளாமல், 1980-இல் ஒரு தட்டு வெளியிட்டார்கள். டிஸ்கார்ட் நிறுவனத்தின் தொடக்கம் அதுதான். உறை செய்யத் தெரியாததால், கடையில் வாங்கிய தட்டின் உறையைப் பிரித்து, விரித்து, அதன் வடிவத்தை வரைந்துகொண்டார்கள். அச்சான தாள்களை ஒவ்வொன்றாக வெட்டி, மடித்து, பசை தடவி ஒட்டினார்கள். அவர்களில் ஒருவரான இயன் மெக்கே பின்னாளில் நடத்திய ஃபுகாசி குழு, நுழைவுக் கட்டணம் ஐந்து டாலர் அளவிலேயே இருக்கவேண்டும், எந்த வயதினரையும் அனுமதிக்கவேண்டும் என்று வற்புறுத்தியது. டி-சர்ட் விற்கவில்லை. பெரிய நிறுவனங்கள் அழைத்தும் போகவில்லை. அந்தக் குழு வறுமையில் வாடவுமில்லை; கணக்கைத் தன் கையில் வைத்துக்கொண்டே உலகெங்கும் சுற்றி வாசித்தது.

இந்த வழிக்கு 1990-களில் பெருஞ்சோதனை வந்தது. நிர்வாணா குழுவின் ‘நெவர்மைண்ட்’ 1991-இல் பெற்ற வெற்றிக்குப் பிறகு பெரிய நிறுவனங்கள் பங்க் குழுக்களைத் தேடி அலைந்தன. கலிஃபோர்னியாவின் பெர்க்லியில், கில்மன் தெரு 924-ஆம் எண் அரங்கைத் தன்னார்வலர்கள் 1986-இன் கடைசி நாளில் திறந்திருந்தார்கள். இனவெறி கூடாது, பெண்ணை இழிவுசெய்யக் கூடாது, மது கூடாது, வன்முறை கூடாது என்பவை அதன் சட்டங்கள். பெரிய நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்த குழுவுக்கும் அன்று அங்கே மேடை கிடைக்கவில்லை. அந்த அரங்கில் வளர்ந்த கிரீன் டே குழு ரிப்ரைஸ் நிறுவனத்துக்குப் போய், 1994 பிப்ரவரியில் ‘டூக்கி’யை வெளியிட்டது. அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்ற அந்தத் தொகுப்பின் குழுவுக்குத் தாய்வீட்டுக் கதவு அடைபட்டது. 2015-இல் ஒரு நிதிதிரட்டும் கச்சேரிக்காகத்தான் அவர்கள் அந்த மேடையில் மீண்டும் ஏறினார்கள்.

கில்மன் அரங்கின் கண்டிப்பு வெறும் பொறாமை என்று தள்ளிவிட முடியாது. ஒலிப்பதிவாளர் ஸ்டீவ் அல்பினி 1993-இல் எழுதிய கட்டுரை ஒன்று அதன் காரணத்தை எண்களால் விளக்குகிறது. ஒரு கற்பனைக் குழு இரண்டரை லட்சம் டாலர் முன்பணம் பெற்று, இரண்டரை லட்சம் பிரதிகள் விற்பதாக அவர் கணக்குப் போடுகிறார். முன்பணம் என்பது கடன்; பதிவுச் செலவு, படமெடுக்கும் செலவு, வழக்கறிஞர், மேலாளர் என எல்லாம் குழுவின் தலையிலேயே விழுகிறது. முடிவில் நிறுவனத்துக்கு 7,10,000 டாலர். குழுவில் ஒருவருக்குக் கிடைப்பது 4,031 டாலர் சொச்சம். அதன் பிறகும் ராயல்டிக் கணக்கில் குழு கடனாளிதான். பெரும்புகழ் பெற்ற கிரீன் டே ஒன்று தெரிகிறது. இந்தக் கணக்கில் சிக்கி மறைந்த குழுக்கள் தெரிவதில்லை.

இசையை வாங்கிய சந்தை அதன் தோற்றத்தையும் வாங்கியது. எதிர்ப்பின் அடையாளங்கள் எப்படிச் சரக்காகின்றன என்பதை டிக் ஹெப்டிஜ் 1979-இலேயே தம் நூலில் ஆராய்ந்தார். ராமோன்ஸின் முதல் தொகுப்பு ஐந்து லட்சம் விற்பனைக்கான தங்கச் சான்றிதழைப் பெற 38 ஆண்டுகள் ஆயின. அதற்குள் முதல் நால்வரில் மூவர் மறைந்துவிட்டார்கள். ஆனால் அவர்களது சின்னம் பொறித்த சட்டையை, ஒரு பாட்டும் கேளாதவர்கள்கூட உலகெங்கும் அணிகிறார்கள். வாடகைத் தகராறால் சிபிஜிபி 2006-இல் மூடப்பட்டு, அதே இடத்தில் விலையுயர்ந்த ஆடைக்கடை வந்தது. 2005-இல் நைக்கி நிறுவனம் டிஸ்கார்ட் வெளியிட்ட மைனர் திரெட் குழுவின் உறைப்படத்தை அப்படியே போலச்செய்து விளம்பரத்தட்டி அச்சிட்டது. டிஸ்கார்ட் கண்டித்ததும் மன்னிப்புக் கேட்டுத் திரும்பப் பெற்றது. 2016-இல் லண்டன் நகரமே பங்கின் நாற்பதாம் ஆண்டைக் கொண்டாடியபோது, மெக்லாரன், வெஸ்ட்வுட் இருவரின் மகன் ஜோ கோரே, ஐம்பது லட்சம் பவுண்டு பெறும் என்று தாமே மதிப்பிட்ட பங்க் நினைவுப்பொருட்களைத் தேம்ஸ் நதியில் படகில் வைத்து எரித்தார். எரித்த பொருளின் மதிப்பையும் பவுண்டில்தான் சொல்ல வேண்டியிருந்தது.

தூய்மை பேசுகிறவர்களிடமும் ஒரு குறை உண்டு. அசல்தன்மையைச் சீருடையாக்கினால் அது காவல்காரனாகிவிடும்: யார் உண்மையான பங்க் என்று சோதிப்பதே வேலையாகும். எக்ஸ்ரே ஸ்பெக்ஸின் பாலி ஸ்டைரீன், சோமாலியத் தந்தைக்குப் பிறந்த பெண், பல்லில் கம்பி கட்டியபடி மேடையேறி நுகர்வு வெறியைப் பாடினார். பங்க் அன்று கதவைத் திறந்துவைத்ததால் அது நடந்தது. ஆனால் 1990-களின் தொடக்கத்தில் பிகினி கில் போன்ற, பெண்கள் முன்னின்று நடத்திய குழுக்கள், ஆண்கள் நெருக்கித் தள்ளிய அரங்கின் முன்வரிசையைப் பெண்களுக்காகக் கேட்டுப் பெற வேண்டியிருந்தது. சிறு நிறுவனத்தில் வெளியிட்டுவிட்டால் மட்டும் நீதி நிலைத்துவிடாது. அதேபோல, பெரிய நிறுவனத்தின் பணமெல்லாம் ஒரே வழியில் போவதுமில்லை. லீட்ஸ் நகரின் சம்பாவம்பா குழு, தான் முன்பு எதிர்த்த ஈஎம்ஐயோடே 1997-இல் சேர்ந்தது. பிறகு ஒரு கார் விளம்பரத்துக்குப் பாடலைக் கொடுத்து, கிடைத்த பணத்தை அந்தக் கார் நிறுவனம் உள்ளிட்ட பெருநிறுவனங்களைக் கண்காணிக்கும் அமைப்புகளுக்கு அளித்தது.

சந்தை விற்கும் பங்க் எவரையும் அச்சுறுத்துவதில்லை என்பது உண்மை. பங்க் வாழ்க்கையோ இன்னும் அச்சுறுத்துகிறது. 2011 டிசம்பரில் இந்தோனேசியாவின் பண்டா அச்சேயில் ஒரு கச்சேரிக்கு வந்த 60-க்கும் மேற்பட்ட இளைஞர்களைக் காவல்துறை பிடித்து, தலையை மழித்து, முகாமில் அடைத்து வைத்தது. அவர்களிடம் பெரிய நிறுவனமும் இல்லை, சந்தை மதிப்பும் இல்லை. கூடி, தாங்களே கச்சேரி நடத்திக்கொண்டதுதான் அவர்கள் செய்த குற்றம்.

அந்தக் காரியம்தான் பங்கின் அசல். ஊக்கை விற்கலாம், கிழிந்த சட்டையை விற்கலாம், மூன்று சுரக்கூட்டுகளில் அமைந்த பாட்டையும் விற்கலாம். தம் செலவைத் தாமே ஏற்று, விலையைத் தாமே வைத்து, பதிவைத் தம்மிடமே வைத்துக்கொண்டு, கதவை எல்லாருக்கும் திறந்துவைக்கும் பழக்கத்தை எந்தக் கடையும் விற்க முடியாது. அதைச் செய்துதான் ஆக வேண்டும். கேட்பவருக்கும் இதில் பங்குண்டு. அங்காடியில் சின்னம் பொறித்த சட்டைக்குக் கொடுக்கும் பணத்தை, கச்சேரி முடிந்ததும் குழுவினர் தாங்களே விரித்திருக்கும் மேசையில் கொடுத்து ஒரு தட்டு வாங்குகிறவர் அந்தக் கணக்கை நேராக்குகிறார். அந்தப் பணத்தில்தான் அடுத்த பாட்டு பதிவாகிறது.